பெரிய மாமா வீட்டு மர்லின்: கையெழுத்திட்ட பாப் ஆர்ட் அச்சுக்கு ஏலத்தில் விலை எப்படி அமைகிறது?

திருவான்மியூரில் கடலுக்கு நாலு தெரு தள்ளி இருக்கிறது என் மனைவியின் பெரியப்பா வீடு. நான் அவரைப் பெரிய மாமா என்று கூப்பிடுவேன். கப்பலில் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வீட்டு ஹாலில், அத்தையின் தையல் மெஷினுக்கு மேலே, மூன்றடிக்கு மூன்றடியில் ஹாலிவுட் நடிகை மர்லின் மன்ரோவின் முகம் ஒன்று மாட்டியிருக்கும். பளீர் பிங்க், மஞ்சள் முடி. 1970களில் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் கப்பல் பத்து நாள் நின்றபோது ஒரு கடையில் வாங்கி, கேபினில் மெத்தைக்கு அடியில் படுக்கவைத்தே ஊர் கொண்டுவந்து சேர்த்தாராம்.

2022 மே மாதம் ஒரு காலையில் போன் செய்தார். "மாப்பிள்ளை, பேப்பர் பாத்தீங்களா? மர்லின் படம் பத்தொம்பதரைக் கோடி டாலருக்குப் போயிருக்காம். நம்ம வீட்டு மர்லின் என்ன விலைக்குப் போகும்?"

பேப்பரில் வந்தது ஆண்டி வார்ஹோல் என்ற அமெரிக்க ஓவியர் ஸ்கிரீன் பிரிண்ட் முறையில் செய்த மர்லின். கேள்வி ஒரு வரிதான். பதில் சொல்ல ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பிடித்தது. நான் ஏல நிறுவனத்து ஆள் இல்லை. அச்சு வேலைகளைப் பிடித்து முடித்துத் தருவது என் தொழில். வெளிநாட்டு ஏல முடிவுகளை ராத்திரி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் பழக்கம் பல வருடமாக உண்டு, அவ்வளவுதான். எதையும் வாங்கியதில்லை. அன்றைக்கு அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

மஞ்சப்பை அடிக்கிற அதே முறை

ஸ்கிரீன் பிரிண்ட் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள அமெரிக்கா போக வேண்டாம். கல்யாணத்தில் தாம்பூலம் போட்டுக் கொடுத்த மஞ்சப்பையை எடுத்துப் பாருங்கள். மணமக்கள் பெயரும் மண்டபத்தின் பெயரும் அதில் ஏறியது இந்த முறையில்தான். திருவல்லிக்கேணிச் சந்துகளில் இந்த வேலை நடப்பதை வாசலில் நின்றே பார்க்கலாம். ஒரு சட்டத்தில் நைலான் வலைத்துணியை விறைப்பாக இழுத்துக் கட்டியிருப்பார்கள். வெளிச்சம் பட்டால் இறுகிவிடும் ஒரு பூச்சை அதில் தடவிக் காயவைத்து, மேலே பிலிமை வைத்து விளக்கு காட்டுவார்கள். பிலிமில் கறுப்பாக இருந்த இடத்தில் வெளிச்சம் படாது, பூச்சு இறுகாது, தண்ணீர் அடித்ததும் கரைந்து ஓடிவிடும். அந்த இடத்தில் மட்டும் வலையின் கண்கள் திறந்திருக்கும். பைமேல் சட்டத்தை இறக்கி, ஓரத்தில் மையை ஊற்றி, ரப்பர் பட்டை வைத்த கட்டையால் ஒரே இழுப்பு. அடுத்த பை. இரண்டாவது நிறம் வேண்டுமென்றால் இரண்டாவது சட்டம். முதல் நிறத்தின் மேல் அது சரியாக உட்காராவிட்டால், ரிஜிஸ்டர் அவுட் என்று சொல்லி அந்தப் பையைக் கடைக்காரர் ஓரமாகப் போட்டுவிடுவார்.

ஆண்டி வார்ஹோல் 1962ல் கையில் எடுத்தது இந்தக் கடைத்தெரு முறையைத்தான். அதற்கு முன் நியூயார்க்கில் விளம்பரப் படங்கள் வரைந்து பேர் வாங்கியவர் அவர். அந்த ஆகஸ்டில் மர்லின் மன்ரோ இறந்தார். நடிகையின் பழைய சினிமா விளம்பரப் புகைப்படம் ஒன்றை வலைத்துணியில் ஏற்றி, கேன்வாஸின் மேல் திரும்பத் திரும்ப அடித்தார் வார்ஹோல். நம் கடைக்காரர் ஓரமாகப் போடுகிற அந்த 'அவுட்' அச்சு அவருக்குப் பிடித்திருந்தது. உதட்டுச் சிவப்பு உதட்டில் நிற்காது, கொஞ்சம் நகர்ந்திருக்கும். சூப் டப்பா, கோலா பாட்டில், நடிகை முகம் என்று கடையிலும் பத்திரிகையிலும் ஜனங்கள் தினமும் பார்ப்பதையே எடுத்துக்கொண்டதால் பாப் ஆர்ட் என்று பெயர் வந்தது. ராய் லிக்டன்ஸ்டைன் காமிக்ஸ் புத்தகத்தின் பொட்டுப் பொட்டான அச்சை எடுத்துக்கொண்டார். அது வேறு கதை.

பெரிய மாமாவின் முதல் குழப்பம் இங்கேதான். பேப்பரில் வந்த மர்லின் 1964ல் கேன்வாஸ் துணியில் செய்தது. 40 அங்குலச் சதுரம். அடித்தது ஸ்கிரீனில்தான் என்றாலும் கையாலும் வண்ணம் பூசியது, அந்த நிறத்தில் அது ஒன்றே ஒன்று. அதனால் ஓவியக் கணக்கில் சேரும். 1967ல் வார்ஹோல் அதே முகத்தைக் காகிதத்தில், 36 அங்குலச் சதுரத்தில், பத்து நிறச் சேர்க்கைகளில் அடித்து வெளியிட்டார். ஒவ்வொரு நிறத்திலும் 250 தாள். பிரிண்ட் என்று ஏலக்காரர்கள் சொல்வது இதை. நல்ல நிலையில் இருக்கும் தாள் ஒன்று இன்று லட்சம் டாலரைத் தாண்டிப் போகிறது. பெரிய பணம்தான். ஆனால் பேப்பரில் வந்த தொகைக்குப் பக்கத்தில் அதை வைக்க முடியாது. முகம் ஒன்றாக இருப்பதால் விலையும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது என்று நினைத்துவிடுகிறோம்.

எத்தனை தாள், எந்தத் தாள்

ஒரு படத்தை எத்தனை பிரதி அடித்தார்கள் என்பதை எடிஷன் என்பார்கள். தாளில் 45/250 என்று இருந்தால், 250 பிரதி கொண்ட எடிஷனில் 45 என்று எண் போடப்பட்ட தாள் அது. நாற்பத்தைந்தாவதாக அச்சானது என்று பொருள் இல்லை. காய்ந்து அடுக்கியிருக்கும் தாள்களை எடுத்து எடுத்து எண் போட்டிருப்பார்கள். ஆர்டிஓ ஆபீசில் 9999 கேட்டுப் பணம் கட்டுகிற ஊரில் இருப்பதால், 1/250 என்றால் கூடுதல் விலை இருக்கும் என்று நமக்குத் தோன்றும். ஏலச் சந்தை அதைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை.

எடிஷனுக்கு வெளியே, ஓவியர் தனக்கென்று வைத்துக்கொள்ளும் சில தாள்கள் இருக்கும். அவற்றில் ஏ.பி. (ஆர்ட்டிஸ்ட்ஸ் ப்ரூஃப்) என்று எழுதியிருப்பார்கள். 1967 மர்லினில் 250 போக 26 தாள்கள், ஆங்கில அகரவரிசையில் தாளுக்கொரு எழுத்துப் போட்டு. அச்சுக்காரருக்குக் கொடுத்த தாள், நிறம் மாற்றிப் பார்த்த சோதனைத் தாள் என்றும் உண்டு. சோதனைத் தாளில் வேறு எந்தத் தாளிலும் இல்லாத நிறச் சேர்க்கை இருந்தால் விலை துள்ளும்.

எண்ணிக்கை குறைந்தால் விலை ஏறும் என்பது பொதுவான கணக்கு. அந்தக் கணக்கு எங்கே தடுக்கிவிழுகிறது என்று பார்க்க 1985ல் வார்ஹோல் செய்த ராணிகள் தொகுப்பு நல்ல உதாரணம். இங்கிலாந்து, டென்மார்க், நெதர்லாந்து, ஸ்வாசிலாந்து என நான்கு நாட்டு ராணிகள். எடிஷன் வெறும் 40. அதற்கு மேல் வைரத்தூள் தூவிய சிறப்பு எடிஷன் 30. (வைரத்தூள் என்று பெயர்தான், தூவியது கண்ணாடித்தூள்.) நான்கு பேருக்கும் ஒரே எண்ணிக்கை, ஒரே ஓவியர், ஒரே வருடம். இருந்தும் எலிசபெத்துக்குக் கிடைக்கிற விலை மற்ற மூவருக்கும் கிடைப்பதில்லை. வாங்குகிறவருக்குத் தெரிந்த முகமா என்பதும் விலைக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதே போல ஒரே மர்லினில் பிங்க் நிறத்துக்கு இருக்கும் கிராக்கி மற்ற நிறங்களுக்குக் கொஞ்சம் குறைவு. இதற்குக் கலைக் காரணம் தேட வேண்டாம். சுவரில் மாட்டினால் எது எடுப்பாக இருக்கும் என்பதுதான் காரணம்.

எந்தப் படம், எந்த வருடம், என்ன காகிதம், எத்தனை பிரதி, கையெழுத்து எங்கே, எதில் போட்டது என்பதையெல்லாம் ஓவியர்வாரியாகத் தொகுத்த பட்டியல் நூல்கள் உண்டு. வார்ஹோல் அச்சுகளுக்கு ஃபெல்ட்மேன், ஷெல்மேன் தொகுத்த பட்டியல்தான் பைபிள். மர்லின்கள் அதில் இரண்டாம் பகுதியில் 22 முதல் 31 வரை. ஏலத்தில் ஒரு தாள் வரும்போது இந்த எண்ணோடுதான் வரும். சர்வே நம்பர் இல்லாமல் மனை விற்க முடியாது, அந்த மாதிரி.

கையெழுத்து எங்கே இருக்கிறது

"கையெழுத்து இருக்கா மாமா?" என்று கேட்டேன். "முன்னாடி ஒண்ணும் இல்லை" என்றார் சோர்ந்துபோய்.

அது கெட்ட செய்தி இல்லை என்று சொன்னேன். பொதுவாக அச்சுப் படங்களில் கீழ் ஓரத்து வெள்ளையில் பென்சிலால் கையெழுத்து இருக்கும். 1967 மர்லினில் படம் தாளின் விளிம்பு வரை ஓடுகிறது, எழுத வெள்ளை இடமே கிடையாது. வார்ஹோல் பின்பக்கம் பென்சிலில் கையெழுத்துப் போட்டார், எண்ணை ரப்பர் ஸ்டாம்பால் குத்தினார்கள். 1968 சூப் டப்பா அச்சுகளிலும் பின்னால்தான், பால்பாயின்ட் பேனாவில். முன்னால் கையெழுத்துத் தெரிகிற சூப் டப்பா ஒன்றை யாராவது நீட்டினால் அங்கேயே ஒரு கேள்வி எழ வேண்டும்.

பென்சிலுக்கு ஏன் மரியாதை? பென்சில் கோடு காகிதத்தின் நாரில் ஒரு சின்னப் பள்ளம் விடும். சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் தெரியும். படத்தோடு சேர்த்து அச்சடித்த கையெழுத்தில் அது இருக்காது. நம் வீடுகளில் பூஜையறையில் இருந்த ரவிவர்மா லட்சுமியின் மூலையில் ரவிவர்மாவின் பெயர் இருக்குமே, அது அச்சில் வந்த பெயர், அவர் கை அந்தத் தாளைத் தொட்டதில்லை. அதற்கும் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள், விலையும் உண்டு. ஆனால் கையெழுத்திட்ட பிரதி என்ற கணக்கில் வராது.

இன்னொரு வகை, நிகழ்ச்சிப் போஸ்டரிலும் அழைப்பிதழிலும் யாராவது நீட்டினபோது ஸ்கெட்ச் பேனாவால் போட்டுக் கொடுத்தது. வார்ஹோல் இப்படித் தாராளமாகப் போட்டார். கையெழுத்து அசல், தாளோ பத்திரிகை அடிக்கிற ஆஃப்செட் மெஷினில் ஆயிரக்கணக்கில் அடித்த போஸ்டர். விலை பல படி கீழே. கையெழுத்து என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு இணையத்தில் வாங்குகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். கையெழுத்து ஒரு தாளை உயர்த்தும். எந்தத் தாளை என்பது முதல் கேள்வி.

வார்ஹோல் விஷயத்தில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1950களில் அவருடைய விளம்பரப் படங்கள் பலவற்றில் எழுத்து வேலையும் கையெழுத்தும் அவர் அம்மா ஜூலியா போட்டவை. பிள்ளையின் ரேங்க் கார்டில் அம்மா கையெழுத்துப் போடுவதைப் பார்த்திருக்கிறோம். இது அதற்கும் ஒரு படி மேலே.

வார்ஹோல் படம் அசலா என்று சொல்ல ஒரு சபை இருந்தது. 1995ல் அமைத்த அந்தச் சபை, ஏற்காத படங்களின் பின்புறத்தில் மறுப்பு முத்திரையே குத்தி அனுப்பும். வழக்குச் செலவு தாங்காமல் 2012ல் கலைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு பட்டியல் நூலோடு ஒப்பிடுவதும், தாள் யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்கிற பத்திரங்களும்தான் துணை. கேலரி ரசீது, பழைய ஏலச் சீட்டு, சட்டத்தின் பின்னால் ஒட்டிய லேபிள். மனைக்கு மூலப்பத்திரம் மாதிரி.

"ரசீதா? அம்பது வருஷம் ஆச்சே மாப்பிள்ளை" என்றார் பெரிய மாமா.

காசிமேட்டிலும் நியூயார்க்கிலும்

சரி, தாள் அசல் என்றே வைத்துக்கொள்வோம். விலையை யார் முடிவு செய்கிறார்கள்?

விடியற்காலையில் காசிமேட்டில் வஞ்சிரம் ஏலம் போவதைப் பார்த்தவர்களுக்கு இதில் பாதி தெரியும். அதே எடை, அதே மீன். இன்றைக்கு எத்தனை படகு வந்தது, ஓட்டல்காரர்கள் எத்தனை பேர் குவியலைச் சுற்றி நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்து விலை மாறும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்தில் விலை எங்கே போகும் என்று வீட்டில் சமைக்கிற எல்லோருக்கும் தெரியும். 250 தாள் கொண்ட எடிஷனிலும் அப்படித்தான். ஒரே மாதத்தில் மூன்று ஏல நிறுவனங்களில் அதே பிங்க் மர்லின் வந்தால் மூன்றும் கொஞ்சம் தொங்கும். நாலு வருடம் ஒன்றும் வராமல் இருந்து ஒன்று வந்தால், காத்திருந்த இரண்டு பேர் மோதிக்கொள்வார்கள். இரண்டு பேர் போதும். ஒருவர் மட்டும் இருந்தால் ஏலம் இல்லை, பேரம்.

மீன் ஏலத்தில் இல்லாத சில விஷயங்கள் கலை ஏலத்தில் உண்டு. ஒவ்வொரு பொருளுக்கும் முன்கூட்டியே ஒரு மதிப்பு அச்சிடுவார்கள், 30,000 முதல் 50,000 டாலர் வரை என்பது போல. இது எஸ்டிமேட். அந்த நிறுவனத்து நிபுணர் பழைய விற்பனைகளைப் பார்த்துப் போடும் கணிப்பு. ஆளை உள்ளே இழுக்க வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே கொஞ்சம் இறக்கிப் போடுவதும் வழக்கம். அதனால் எஸ்டிமேட்டைத் தாண்டி விற்றது என்ற செய்தியைப் பார்த்து வாய் பிளக்க வேண்டியதில்லை.

விற்பவருக்கும் நிறுவனத்துக்கும் மட்டும் தெரிந்த இன்னொரு தொகை ரிசர்வ். அதற்குக் கீழே கொடுப்பதில்லை என்ற எல்லை. வழக்கமாக எஸ்டிமேட்டின் கீழ்த் தொகையை மீறாது. கேட்பு அங்கே வரை ஏறவில்லை என்றால் பொருள் விற்காமல் திரும்பும். இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் இல்லை. சந்தையிலிருந்து திருப்பி ஓட்டிவந்த மாட்டை அடுத்த சந்தையில் எல்லோரும் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். ஏலத்தில் தங்கிய தாளையும் அப்படித்தான் பார்ப்பார்கள், இரண்டு மூன்று வருடம் அதை வெளியே எடுக்க முடியாது. ஆசைப்பட்டு ரிசர்வை ஏற்றிவைக்கிறவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்.

அப்புறம் சுத்தியல் விலை. மூன்று தரம் சொல்லிச் சுத்தியலைத் தட்டும்போது நிற்கிற தொகை. செய்தியில் வருவது பெரும்பாலும் அது இல்லை. வாங்குபவர் அதற்கு மேல் நிறுவனத்துக்கு ஒரு பிரீமியம் கட்ட வேண்டும், அதையும் சேர்த்த தொகையைத்தான் வெளியிடுவார்கள். அந்த 19.5 கோடி மர்லினில் சுத்தியல் தட்டியது 17 கோடியில். எதிர்பார்ப்பு 20 கோடியாக இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், உலகமே வியந்த அந்த விற்பனை ஏலக்கூடத்தில் இருந்தவர்களுக்குக் கொஞ்சம் சப்பென்றுதான் இருந்திருக்கும்.

விற்பவர் பக்கம் வேறு கணக்கு. ஒரு உதாரணத்துக்கு, சுத்தியல் 40,000 டாலரில் விழுந்தது, பிரீமியம் 25 சதவீதம், விற்பவர் கமிஷன் 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவர் கட்டுவது 50,000. விற்பவர் கையில் 36,000. அதிலும் போட்டோ, இன்சூரன்ஸ், சென்னையிலிருந்து அனுப்பிய செலவு கழியும். இணையத்தில் 50,000 என்று பார்த்துவிட்டு நமக்கும் 50,000 வரும் என்று கணக்குப் போட்டால் கடைசியில் சண்டைதான் வரும். சீட்டுப் போட்டவர்களுக்குப் புரியும். ஏலச்சீட்டு எடுத்தவர் கைக்கு முழுச் சீட்டுத்தொகை என்றைக்காவது வந்திருக்கிறதா?

துப்பாக்கிக் குண்டு பட்ட மாவோ

இந்தக் கணக்கெல்லாம் ஒன்றாகச் சேர்கிற ஒரு விற்பனையைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1972ல் வார்ஹோல் சீனத் தலைவர் மாவோ முகத்தைப் பத்து நிறங்களில் அச்சடித்தார், எடிஷன் 250. அதில் ஒரு தாள் ஹாலிவுட் நடிகர் டென்னிஸ் ஹாப்பர் வீட்டில் இருந்தது. ஒரு ராத்திரி இருட்டில் அந்த முகத்தைப் பார்த்து மிரண்டுபோய்த் துப்பாக்கியால் இரண்டு முறை சுட்டுவிட்டார். பிறகு வார்ஹோல் அதைப் பார்த்துக் கோபப்படவில்லை. ஒரு துளையைச் சுற்றி வட்டம் போட்டு எச்சரிக்கைச் சூடு என்றும், இன்னொன்றைச் சுற்றிக் குண்டுத் துளை என்றும் எழுதிக் கொடுத்தார்.

ஹாப்பர் இறந்த பிறகு, 2011 ஜனவரியில் நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் என்ற ஏல நிறுவனத்தில் அது ஏலத்துக்கு வந்தது. எஸ்டிமேட் 20,000 முதல் 30,000 டாலர். விற்றது 3,02,500 டாலருக்கு. இந்த விநோதமான தொகையைப் பிரித்துப் பார்த்தால் ஏலக் கணக்கு தெளிவாகிவிடும். சுத்தியல் விலை 2,50,000. அன்றைய விதிப்படி முதல் 50,000க்கு 25 சதவீதம், அதாவது 12,500. மிச்சம் 2,00,000க்கு 20 சதவீதம், 40,000. கூட்டிக்கொள்ளுங்கள். இந்தச் சதவீதங்களை நிறுவனங்கள் அடிக்கடி மாற்றுகின்றன, பழைய விற்பனையையும் புதியதையும் ஒப்பிடும்போது இது நினைவிருக்க வேண்டும்.

ஓட்டை விழுந்த தாள் பத்து மடங்கு விலைக்குப் போனதே என்று யாரும் வீட்டில் இருக்கிற படத்தைக் குத்திவிடக் கூடாது. ஓட்டை போட்டவர் ஹாப்பர், அதை ஒப்புக்கொண்டு எழுதியவர் வார்ஹோல். அந்த ஒரு தாள் மற்ற 249லிருந்து பிரிந்து தனியாகிவிட்டது. உங்கள் வீட்டு ஓட்டை வெறும் ஓட்டைதான்.

சென்னைக் காற்று

வெறும் ஓட்டை, கறை, மங்கல் எல்லாம் விலையைப் பாதியாகவும் அதற்குக் கீழேயும் இறக்கும். ஏலத்துக்கு முன் நிறுவனங்கள் தரும் நிலை அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும். படத்தின் போட்டோவைவிட அந்த அரைப்பக்கம் முக்கியம். ஓரம் கத்தரித்தது, அட்டையில் ஒட்டியது, வெயிலில் நிறம் போனது என்று அதில் ஒரு வார்த்தை இருந்தாலும் போதும், விலை வேறு.

சென்னையில் இந்த விஷயத்தில் எல்லாமே எதிரி. கடல் காற்றின் ஈரத்தில் காகிதத்தில் பழுப்புப் புள்ளிகள் பூக்கும். ராமபாணப் பூச்சி காகிதத்தின் மேல்பரப்பைச் சுரண்டித் தின்னும். மேற்குச் சன்னல் வெயில் பளீர் பிங்க்கையும் ஆரஞ்சையும் சில வருடங்களில் வெளுத்துவிடும், ஒளிரும் மைகள் வெயிலுக்கு அவ்வளவு பலவீனம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தள வீடுகளில் என்னென்ன ஊறிப்போயிற்று என்று சொல்ல வேண்டியதில்லை.

இதையெல்லாம்விட மோசம், நாமே செய்துகொள்வது. சாமி படத்துக்கு பிரேம் போடுகிற கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால், தாள் சுருங்காமல் நிற்க வேண்டும் என்று நல்லெண்ணத்தோடு பசை தடவி ஹார்டுபோர்டில் ஒட்டிவிடுவார்கள். எனக்கு நெருங்கிய ஒருவரின் பழைய அச்சுப்படத்துக்கு இது நடந்தது. மேல் ஓரம் சட்டத்துக்குள் உட்காரவில்லை என்று அரை அங்குலம் வெட்டியும் இருந்தார்கள். கடைக்காரரைத் திட்டி என்ன பயன், நாம் சொல்லவில்லையே. அமிலம் இல்லாத அட்டை வேண்டும், தாள் மேலே மட்டும் மெல்லிய காகிதக் கீலில் தொங்க வேண்டும், கண்ணாடி தாளைத் தொடக் கூடாது, பின்பக்கத்தை ஒட்டவே கூடாது. வார்ஹோல் கையெழுத்துப் பின்பக்கத்தில் இருக்கும் என்று சொன்னேன் இல்லையா? அதை ஒட்டிவிட்டால் லட்சம் டாலர் ஹார்டுபோர்டுக்கும் பசைக்கும் நடுவில் போய்விடும்.

அச்சுத்தாள் ஒன்றை அருகில் பார்த்துக் கண்ணைப் பழக்க வேண்டுமென்றால் எழும்பூர் பக்கம் அரசு கவின்கலைக் கல்லூரியின் அச்சுக்கலைத் துறையோ, கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமியின் ஸ்டூடியோவோ நல்ல இடம். ஸ்கிரீன் மை காகிதத்தின் மேல் ஒரு மெல்லிய தோல் மாதிரி நிற்கும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஆஃப்செட்டின் நாலு நிறப் புள்ளிக் கூட்டம் இருக்காது. இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தாலே இணையத்தில் விற்கிற பாதிப் போலிகள் கழிந்துவிடும்.

வீட்டில் இருக்கிற தாளுக்கு ஒரு உத்தேச விலை பார்ப்பது பிறகு அவ்வளவு கஷ்டமில்லை. பெரிய ஏல நிறுவனங்கள் முடிவுகளை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கின்றன. அதே பட்டியல் எண், அதே நிறம், கடைசி மூன்று நான்கு வருடம். கேட்கிற விலையை விட்டுவிட்டு விற்ற விலையை மட்டும் எடுங்கள். ஐந்தாறு கிடைத்தால் உச்சத்தில் இருக்கும் ஒன்றைத் தள்ளிவிடுங்கள், அன்றைக்கு இரண்டு பேருக்குள் வீம்பு வந்திருக்கலாம். விற்காமல் திரும்பியவை எத்தனை என்றும் எண்ணுங்கள். மிஞ்சியதில் உங்கள் தாளைப் போன்ற நிலையில் இருந்தது எதுவோ, அதன் பிரீமியத்தைக் கழித்தால் வருவதுதான் உங்கள் பேச்சுக்கு ஆரம்பம். வாங்குகிற பக்கம் என்றால் சுங்கவரி, ஜிஎஸ்டி, சரக்குக் கூலியைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

பின்பக்கம்

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மர்லினை இறக்கினோம். அத்தை சாப்பாட்டு மேஜையில் பழைய போர்வையை விரித்தார். பின்னால் பிரவுன் பேப்பர், பாண்டி பஜார் பிரேம் கடை ஒன்றின் வெளுத்த லேபிள், துருப்பிடித்த சின்ன ஆணிகள். ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். ஹார்டுபோர்டைத் தூக்கும்போது மூன்று பேரும் பேசவில்லை. ஒட்டவில்லை. மேலே இரண்டு துண்டு செலோ டேப், தேன் நிறமாகிப் போயிருந்தது.

பென்சில் கையெழுத்து இல்லை. கறுப்பு மையில் இரண்டு ரப்பர் ஸ்டாம்ப். ஒன்றில் சண்டே பி. மார்னிங் என்ற வெளியீட்டாளர் பெயர். இன்னொன்றில், உங்கள் கையெழுத்தை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்று ஆங்கிலத்தில்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெரிய மாமா முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். 1970ல் பெல்ஜியத்தில் சிலர் சேர்ந்து வார்ஹோலின் மர்லினை அதே அளவில் அடித்து வெளியிட்டார்கள். வார்ஹோலோடு பேசி ஆரம்பித்து, பிறகு அவரை விட்டுவிட்டே போனார்கள் என்று சொல்வார்கள். முதல் சுற்றில் கறுப்பு ஸ்டாம்ப், பின்னால் திரும்பத் திரும்ப அடித்தவற்றில் நீல ஸ்டாம்ப். ஆண்ட்வெர்ப், எழுபதுகள், கறுப்பு மை, எல்லாம் பொருந்தி வந்தது. போலி என்று தூக்கிப்போட வேண்டியதில்லை, இதற்கென்று ஒரு சந்தை உண்டு, கறுப்பு ஸ்டாம்புக்கு நீலத்தைவிட நல்ல விலையும் உண்டு. கையெழுத்திட்ட 1967 தாளோடு பார்த்தால் அது சின்னப் பங்குதான்.

"அவர் கையெழுத்துப் போட்டதே இல்லையா இதுல?" என்று கேட்டார் பெரிய மாமா.

போட்டிருக்கிறார். யாராவது இதைக் கொண்டுபோய் நீட்டினால், இது நான் செய்தது இல்லை என்று எழுதி, கீழே ஆண்டி வார்ஹோல் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். அப்படிப்பட்ட தாள்கள் கையெழுத்து இல்லாத சண்டே பி. மார்னிங்கைவிட அதிக விலைக்குப் போகின்றன. தன்னுடையது இல்லை என்று ஓவியரே எழுதிக் கொடுத்ததால் விலை ஏறிய தாள்.

பெரிய மாமா கொஞ்ச நேரம் ஸ்டாம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார்.

"நானே போட்டுக்கலாம்னுதானே எழுதியிருக்கான்?"

அத்தை தையல் மெஷின் டிராயரைத் திறந்து துணியில் குறி போடுகிற பென்சிலை எடுத்து நீட்டினார். "இதுல போடுங்க. நாளைக்கு அழிச்சுக்கலாம்."